ஆறு செடிகளும் ஒரு நாத்தனாரும்

14

ரொட்டிக் கடைக்காரி நேற்றுச் சொன்ன செய்தியை எர்மினால் இன்று காலைவரை விழுங்க முடியவில்லை. அதை மென்றுகொண்டேதான் வேனை மலையிலிருந்து இறக்கினாள்.

செய்தி இதுதான். செத்துப்போன தம்பி லூசியனின் பெண்டாட்டி சபீன், வீட்டுக்கு முன்னால் நீச்சல் குளம் வெட்டப் போகிறாள். வெள்ளிக்கிழமை காலை பொக்லைன் வருகிறது. அந்த இடத்தில் நிற்கும் ஆறு லாவெண்டர் செடிகளும் அதோடு போயின.

ஆகஸ்டு வந்தால் குழாயில் காற்று மட்டும் வருகிற ஊர். அதில் நீச்சல் குளம். மார்செய்யில் மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு வேறு எது தோன்றும்? பதினேழு வருடம் இந்த மேட்டு நிலத்தில் குடியிருந்தும் மிஸ்த்ரால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டால், "முகத்துல அடிக்கிற பக்கம்" என்பாள்.

குளம் வெட்டட்டும், கப்பல் விடட்டும். எர்மினுக்குக் கவலை அந்த ஆறு செடிகள்.

எர்மினின் வயல் செத்துவிட்டது என்பது எர்மின் அறிந்தவரை இரண்டே பேருக்குத்தான் தெரியும்: அவளுக்கும் அவள் புருஷன் கஸ்தோனுக்கும். கடுகளவு பூச்சி ஒன்று வேரைத் தின்று, நோயை ஏற்றி, மூன்றே வருடத்தில் நான்கு ஹெக்டேரைச் சாம்பல் நிறமாக்கிவிட்டுப் போனது. ஊரில் அவள் வேறு விதமாகச் சொல்லி வைத்திருக்கிறாள். நிலத்துக்கு ஓய்வு கொடுக்கிறாளாம். நிலம் கேட்டதாம், இவள் கொடுத்தாளாம்.

அவள் அப்பா காலத்திலிருந்து விதை போட்டு வளர்த்த லாவெண்டர் அது. ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இருக்காது. ஒன்று வெளிர்நீலம், ஒன்று அடர்நீலம், ஒன்று முன்னால் பூக்கும், ஒன்று சோம்பேறி. அந்த வம்சத்தில் இன்றைக்கு உயிரோடு இருப்பது, லூசியன் கல்யாணமான வருடம் வயலிலிருந்து நாற்றாகப் பிடுங்கிப்போய்த் தன் வீட்டு வாசலில் வைத்த அந்த ஆறுதான். ஆகஸ்டில் அவற்றிலிருந்து விதை எடுத்தால் வயலை மறுபடி கிளப்பலாம். இல்லையென்றால், கஸ்தோன் போன வாரமே சாப்பாட்டு மேசையில் சூப்பைக் கிளறிக்கொண்டு சொல்லிவிட்டார்: சமவெளிக்காரன் ஒருத்தன் நிலத்தைக் கேட்கிறான், கொடுத்துவிடலாம். அவன் கலப்பு லாவெண்டர் போடுவான். லாரி லாரியாக எண்ணெய் எடுப்பான். அது தரை துடைக்கிற தண்ணீரில் போய் விழும்.

தன் அப்பாவின் நிலம் ஊரார் கழிப்பறையில் மணக்கப் போகிறது என்பதை எர்மினால் தாங்க முடியவில்லை. அதைவிடத் தாங்க முடியாதது ஒன்று இருந்தது. அதைத் தடுக்க அவள் சபீனிடம் போய்க் கேட்க வேண்டும்.

லூசியனை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை அவள் மிதித்ததில்லை. பதினோரு வருடம். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. சண்டை போடக்கூடத் தகுதி வேண்டாமா என்பது எர்மினின் எண்ணம்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். கேட்பது போலவும் இருக்கக் கூடாது, கேட்காமலும் வரக் கூடாது. அப்படி ஒரு வாக்கியம் பிரெஞ்சு மொழியிலேயே இல்லை என்று மூன்றாவது வளைவில் தெரிந்துபோயிற்று.

சபீன் தோட்டத்தில்தான் இருந்தாள். பூப்போட்ட கையுறை. தலையில் பூப்போட்ட துணி. காலில் பூப்போட்ட ரப்பர் பூட்ஸ். செடிக்குப் போட்டியாக வந்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் எர்மின். ஆறு செடிகளும் கல்சுவருக்கு முன்னால் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி மாதிரி உருண்டையாக இருந்தன. பக்கத்தில் பழைய படுக்கை விரிப்புகளை மடித்து வைத்திருந்தாள். மண் ஈரமாக இருந்தது. நேற்றே தண்ணீர் விட்டிருக்கிறாள்.

"வாங்கண்ணி" என்றாள் சபீன், நேற்று மாலைதான் பிரிந்த மாதிரி.

"இந்தப் பக்கமா போனேன். சரி, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போகலாமேன்னு."

சபீன் சாலையைப் பார்த்தாள். அந்தச் சாலை அவள் வீட்டைத் தாண்டினால் கல்லறைத் தோட்டத்தில் போய் முடிகிறது. அதற்கு மேல் மலைதான்.

"அவசரமில்லையே அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

எர்மின் கல்சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். வேடிக்கைக்குக் குறைவில்லை. அந்தம்மாள் ஒரு செடியின் முன்னால் மண்டியிட்டு, மேலே இருந்த பச்சையைக் கத்தரியால் கொஞ்சமாக, சலூனில் நுனி வெட்டுகிற மாதிரி வெட்டினாள். பிறகு செடியைச் சுற்றி ஒரு முழ தூரத்தில் மண்வெட்டியை நேராக இறக்கினாள். இறக்கியதும் அசைத்துப் பார்த்தாள். அசைத்ததும் செடியிடம் ஏதோ சொன்னாள். எர்மினுக்குக் காது கூசியது. கால் மணி நேரத்தில் அரை வட்டம்கூட முடியவில்லை. இந்த வேகத்தில் போனால் பொக்லைன்காரன் வந்து இவளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவான்.

கடைசியில் எர்மினின் கை பொறுக்கவில்லை. வாயும்தான்.

"நகரு. செடி எடுக்கிறது எப்படின்னு காட்டுறேன். நாப்பது வருஷமா இதான் பொழப்பு."

சபீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணி, அதைக் கொஞ்சம் பார்த்து, என்கிற மாதிரி. எர்மின் வேனிலிருந்து இரட்டைப் பல் மண்வெட்டியை எடுத்து வந்தாள். ஓரத்துச் செடி. இரண்டு போடு, ஒரு நெம்பு, செடி வெளியே. அடித்தண்டைப் பிடித்துத் தூக்கி, பூட்ஸில் தட்டித் தட்டி மண்ணை உதறினாள். கத்தரியை வாங்கி வேரை நான்கு விரல் நீளத்துக்கு நறுக்கினாள். தலையைத் திருப்பி, பச்சையெல்லாம் போக வெறும் கட்டைவரை ஒட்ட வெட்டினாள். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. வருடாவருடம் நாற்றங்காலில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான நாற்றை இப்படித்தான் உதறி, நறுக்கி, கட்டுக் கட்டி நடவு இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். அவள் அப்பா அப்படிச் செய்தார். மேட்டு நிலத்தில் எல்லாரும் அப்படித்தான்.

"இவ்வளவுதான்" என்றாள்.

சபீன், எர்மின் கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எர்மினும் பார்த்தாள்.

நாற்று என்றால் ஒரு வயசு. பென்சில் மாதிரி தண்டு, முடி மாதிரி வேர். உதறினாலும் பிழைக்கும், நறுக்கினாலும் பிழைக்கும். கையில் இருந்தது பதினேழு வயசுச் செடி. தண்டு மணிக்கட்டுப் பருமன். அதில் இப்போது பச்சை என்று சொல்ல ஒரு இலையும் இல்லை. நுனி வேர் எல்லாம் அவள் பூட்ஸில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நாற்பது வருடத்தில் ஒரு கிழட்டுச் செடியைக்கூட அவள் உயிரோடு இடம் மாற்றியதில்லை. அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வயதான செடியை என்ன செய்வார்கள்? டிராக்டரில் சங்கிலி கட்டி இழுப்பார்கள், குவிப்பார்கள், கொளுத்துவார்கள். பிடுங்கத் தெரியும், நடத் தெரியும். நடுவில் ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரைப் பார்த்தும் சிரித்திருப்பாள்.

ஆறில் ஒன்று போயிற்று. தன் அப்பாவின் வம்சத்தை, தன் கையால், ஒரு நிமிடத்துக்குள், பாடம் நடத்திக்கொண்டே கொன்றிருக்கிறாள்.

"தூக்கிப் போடு அத" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

சபீன் தூக்கிப் போடவில்லை. வாங்கி, ஒரு துணியைத் தொட்டியில் நனைத்துச் சுற்றி, நிழலில் வைத்தாள். பிறகு இரண்டாவது செடிக்கு வந்து, மண்ணைக் கையால் விலக்கி, எர்மினைக் குனிந்து பார்க்கச் சொன்னாள். மண்ணில் வட்டமாக ஒரு பழைய வெட்டு இருந்தது. பிப்ரவரி தொடக்கத்திலேயே செடியைச் சுற்றி வேரை வெட்டிவிட்டு, எடுக்காமல் அப்படியே விட்டாளாம். ஆறு வாரத்தில் வெட்டுக்கு உள்பக்கமாகப் புது வேர் பிடிக்குமாம். அப்போது மண் உருண்டையோடு தூக்கினால் செடிக்கு வீடு மாறினதே தெரியாதாம். யாரும் சொல்லித் தரவில்லை. ரோஜாவுக்கு ஒருமுறை செய்து பார்த்தது. இதற்கும் ஆகும் என்று தோன்றியதாம்.

உள்பக்கம் வெள்ளை வேர் நூல் நூலாக இருந்தது. எர்மினுக்கு அது கண்ணை உறுத்தியது. சபீன் ஒரு சொல் சொல்லிக் காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. 'நாப்பது வருஷ பொழப்பா அண்ணி?' என்று கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்து, கதவை அறைந்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். இந்தப் பொம்பளைக்குக் குத்திக் காட்டக்கூடத் தெரியவில்லை. மருந்துக் கடையில் இதையாவது கற்றுக்கொடுத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு எர்மின் சபீன் சொன்னதைச் செய்தாள். அடுத்தவர் சொன்னதைச் செய்வது அவள் வாழ்க்கையில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை பாதிரியார் சொல்லி, மோதிரம் மாட்டிக்கொண்டது. ஒருத்தி நெம்ப, ஒருத்தி அடியில் விரிப்பைச் செருக, நான்கு முனையையும் பிடித்துத் தூக்கி வேன் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். மிஸ்த்ரால் கிளம்பிவிட்டது. விரிப்பு படபடத்தது. மூன்றாவது செடிக்குள் எர்மினுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. காட்டிக்கொள்ளவில்லை. நான்காவதில் காட்டிக்கொண்டாள்.

சபீன் காப்பியும், நேற்றுச் செய்த பாதாம் கேக்கும் கொண்டுவந்தாள். கேக் நன்றாக இருந்தது. எர்மின் அதையும் மன்னிக்கவில்லை.

ஐந்து செடிகள் ஐந்து விரிப்பில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிகள் மாதிரி வரிசையாக இருந்தன. இனி தள்ளிப்போட முடியாது.

"எங்க வைக்கப் போற இதையெல்லாம்?" என்றாள் எர்மின், கேக்கைப் பார்த்துக்கொண்டு.

"எங்கயும் இல்லண்ணி. குளம் போக மிச்சம் கல்லுதான் இருக்கு."

"அப்ப இவ்வளவு பாடு பட்டு எடுத்தது?"

"யாராவது வந்து கேட்டா குடுக்கலாம்னு."

எர்மின் தன் ஒத்திகையிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டுப் பார்த்தாள். வேன் காலியாகத்தான் போகிறது, குப்பையில் கொட்டுவதென்றால் போகிற வழியில் கொட்டிவிட்டுப் போகிறேன் என்றாள். குப்பைக்கு என்றால் பொக்லைன்காரனே எடுத்துப் போவான், அண்ணிக்கு எதற்குச் சிரமம் என்றாள் சபீன். இன்னொன்றை எடுத்துவிட்டாள். லூசியன் வைத்த செடி, குடும்பத்துச் சொத்து மாதிரி என்றாள். ஆமாம், அதனால்தான் குடும்பத்திலிருந்து யாராவது வருவார்கள் என்று பார்த்தேன் என்றாள் சபீன். பதினோரு வருடமாகப் பார்த்ததையும் அவள் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. சொல்லவில்லை. இருந்தது.

எர்மின் எழுந்தாள். வேன் கதவுவரை போனாள். போய்விடலாம் என்றுதான் போனாள். கதவுக் கண்ணாடியில் ஒரு கிழவி தெரிந்தாள். மூக்கில் மண், உதட்டோரம் கேக் துகள். இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் இவ்வளவு திமிர் காட்டினோம் என்றிருந்தது.

திரும்பி வந்தாள்.

"எனக்கு வேணும்."

"என்னண்ணி? காத்துல கேக்கல."

உண்மையாகவே கேட்கவில்லை. அதுதான் கொடுமை. மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது, இன்னும் சத்தமாக, அடுத்த வீட்டு நாயும் கேட்கிற மாதிரி.

"எனக்கு வேணும் சபீன். என் வயலு செத்துப் போச்சு. ஒரு செடி இல்ல. விதைக்கு இதத் தவிர நாதியில்ல."

வயல் செத்ததை அவள் வாய்விட்டு இன்னொருத்தரிடம் சொன்னது அதுதான் முதல்.

"தெரியும்ணி" என்றாள் சபீன். விரிப்பின் இரண்டு முனையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அந்தப் பக்கம் பிடிங்க."

யார் சொன்னது என்று எர்மின் மலையேறும்போது மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சபீன் விரிப்பை இழுத்துச் செருகினாள். கூட வரச் சொல்லி யாரும் அழைக்கவில்லை. செடியோடு செடியாக அவளும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். முதல் மாதம் தண்ணீர் பார்த்து விட வேண்டும், உங்களுக்குப் பொறுமை போதாது என்று காரணம் வேறு. மடியில் ஈரத்துணி சுற்றிய அந்த ஆறாவது கட்டையை, பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

வேன் முற்றத்தில் நின்றபோது கஸ்தோன் கொட்டகைக்குப் பின்னாலிருந்து வந்தார். கடப்பாரை கையில், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு. கொட்டகைக்குப் பின்னால் இருப்பது லாவெண்டர் ஒருநாளும் போட்டிராத, நோய் அண்டாத சரிவு நிலம். எர்மின் அவரைத் தாண்டிப் போய்ப் பார்த்தாள்.

குழிகள். அடியில் சரளை போட்டு, ஓரத்தில் மண்ணைக் குவித்து, ஒரே இடைவெளியில் தோண்டியிருந்தார். எண்ணிப் பார்த்தாள். ஆறு.

பிப்ரவரி முழுக்க செவ்வாய்க்கிழமை தோறும் இந்த மனுஷன் நாயைக் கூட்டிக்கொண்டு, மண்ணுக்கடியில் விளையும் காளானைத் தேடிக் காட்டுக்குப் போனார். ஒரு தடவைகூட ஒரு காளானும் வரவில்லை. கிழவனுக்கு மூக்கும் போயிற்று, நாய்க்கும் போயிற்று என்று எர்மின் ரொட்டிக் கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்த வட்ட வெட்டு சபீனின் மணிக்கட்டுக்கு விழுகிற வெட்டு இல்லை, கஸ்தோன் போட்டது. காலையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றவர்களை ஏளனம் செய்வதில் மும்முரமாக இருந்துவிட்டாள்.

கஸ்தோன் விரிப்புகளை எண்ணினார். "ஒண்ணு கொறையுதே?"

"வழியில உருண்டுடுச்சுண்ணே" என்றாள் சபீன், கொஞ்சமும் யோசிக்காமல். "வளைவுல. மண்ணெல்லாம் கொட்டிப் போச்சு."

எர்மின் இதுவரை வாங்கிய அடியிலேயே பெரிய அடி அது. இவள் தனக்காகப் பொய் சொல்கிறாள். அதுவும் நல்ல பொய்.

"உருளல" என்றாள் எர்மின். "நான் உதறிட்டேன்."

"உதறினியா?"

"நாத்த உதறுற மாதிரி."

கஸ்தோன் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் சிரிப்பை எங்கே ஒளிப்பது என்று அவருக்குத் தெரியும். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மலையைப் பார்த்தார். எர்மின் சபீனின் மடியிலிருந்து கட்டையை எடுத்தாள். ஆறாவது குழிக்குள் இறக்கி, தானே மண் தள்ளி, காலால் மிதிக்கப் போய், நிறுத்தி, கையால் அமுக்கினாள். பிழைக்காது. வைத்தாள்.

மற்ற ஐந்தையும் மூவருமாக, முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் இறக்கினார்கள். சபீன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாளி தண்ணீரை நிதானமாகச் சாய்த்தாள். செடிகள் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தன. ஆகஸ்டுக்கு இன்னும் ஐந்து மாதம். ஒன்றிரண்டு பூத்தாலும் போதும் என்று எர்மினுக்கு இருந்தது. அப்படிக் கொஞ்சமாக ஆசைப்பட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"கை கழுவிட்டு வா" என்றாள் சபீனிடம். யோசித்துவிட்டு, "சூப் இருக்கு. கொண்டைக்கடலை. உனக்குப் பிடிக்குமோ என்னவோ" என்றாள். அதற்கு மேல் அவளிடம் எதிர்பார்க்க முடியாது.

அடுப்படிக்குள் போனார்கள். எர்மின் குழாயைத் திறந்தாள். சபீன் முதலில் கழுவினாள். கழுவிவிட்டு, ஈரக் கையோடு திரும்பி, ஜன்னலுக்குக் கீழே மூன்றாவது இழுப்பறையை இழுத்து, ஒரு துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

எர்மின் சோப்பை உருட்டிக்கொண்டே நின்றாள்.

அந்த இழுப்பறை இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு, அடுப்படியை இடித்துக் கட்டியபோது வந்தது. அதற்கு முன்னால் துண்டெல்லாம் கதவுக்குப் பின்னால் இருக்கும். சபீன் இந்த வீட்டுக்குள் கடைசியாக வந்தது பதினோரு வருடத்துக்கு முன்பு. எர்மினுக்குத் தெரிந்து.

வெளியே கஸ்தோன் கடப்பாரையைக் கொட்டகைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. எர்மின் குழாயை மெதுவாக மூடினாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சபீன்," என்றாள், தன் சொந்த அடுப்படியில் நின்றுகொண்டு, "சின்ன துண்டெல்லாம் எங்க இருக்கு?"

சபீனின் கை, சின்னத் துண்டுகள் இருக்கும், ஜன்னலுக்கு அடுத்த அலமாரியை நோக்கிப் பாதி வழி போய், நின்றது.